கழற்றிய நேரம்

தீப்பெட்டியை விடச் சின்னது. சிவப்பு.
பட்டியில் கோத்து இடுப்பில் கட்டினால்
வலது எலும்பின் மேல் நிற்க வேண்டும்.
“மிஸ், இது கதைக்குமா?” என்று கேட்டான் நுஸ்கி.
கதைக்காது. எண்ணும்.
“எதை?”
நீ அசைவதை.
“அசையாட்டி?”
அதையும்.

மனையாவெளியில் பதினொரு பிள்ளைகள், ஜமாலியாவில் ஒன்பது,
திருக்கடலூரில் பன்னிரண்டு.
ஏழு நாள். குளிக்க மட்டும் கழற்றலாம்.
கழற்றிய நேரம், கட்டிய நேரம், காரணம்:
மூன்று கட்டம் கீறிய தாளைக் கொடுத்து
தாய்மாரிடம் கையெழுத்து வாங்கித் திரும்பினால்
தபால் கந்தோர் முன்னால் ஒரு மான்
வாழைப்பழத் தோலை மென்றுகொண்டு
என் ஸ்கூட்டருக்கு வழி விடாமல் நின்றது.

எட்டாம் நாள் இரவு.
அக்கரையில் மாவாலையின் விளக்குகள்.
இங்கே மடிக்கணினியில்
ஒவ்வொரு பிள்ளையும் மலைத்தொடராய் எழும்புகிறது.
காலை ஏழுக்கு ஒரு முடி, இடைவேளைக்கு இன்னொன்று,
பிறகு இரண்டரையில் இருந்து ஆறரை வரை
ரியூசன் வாங்கில் தட்டையாய்ப் போன வெளி.
கேதுஷாவின் கோடு ஒரு நாளாவது
அறுபது நிமிடத்தைத் தொடவில்லை.
‘புலமைப்பரிசில் வருஷம்’ என்று
காரணக் கட்டத்தில் தாய் எழுதியிருக்கிறா,
யாரும் கேட்காமலே.

டிலுக்சனின் கோடு வேறு மாதிரி.
விடியப்புறம் மூன்று பத்துக்குத் தொடங்கி
ஒரே சீராய், ஓயாமல், குட்டிக் குட்டி மேடுகள்.
மென்பொருள் அதற்கு மஞ்சள் பூசி
தூக்கம் குழம்பியது என்கிறது.
காலையில் அழைத்துக் கேட்டேன்.
“அப்பாவோட போட்டில போனனான் மிஸ்.
நான் சும்மாதான் இருந்தனான்.”
அசைந்தது கடல்.
கடலைக் கொண்டுவந்து
பெடியனின் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது.

அதே பெடியன் சனிக்கிழமை
கரைவலைக் கயிற்றில் பெரிய ஆட்களோடு சேர்ந்து
குதிக்கால் மணலில் புதையப் புதைய
பின்பக்கமாய் இழுத்தானே,
கண்ணால் கண்டேனே,
அந்த நேரத்தில் கோடு படுத்துக் கிடக்கிறது.
இலேசான நடையாம்.
பாரம் அதற்குத் தெரியாது.
துள்ளினால்தான் தெரியும்.

இனிப் பூச்சியங்கள்.
அறுபது நிமிடம் விடாமல் பூச்சியம் வந்தால்
அணியவில்லை என்று கொள்க, வெட்டுக.
இது விதி. வெள்ளிக்கிழமைக்குள்
சுத்தமான தரவு வேண்டும் என்று பேராசிரியர்
மூன்று தரம் எழுதிவிட்டார்.
வெட்டும் முன் தாள்களைப் புரட்டுகிறேன்.
‘கடல்ல குளிச்சனான்.’ இரண்டு மணித்தியாலம்,
நீந்தியதெல்லாம் நாற்காலியில் இருந்ததற்குச் சமம்.
‘தங்கச்சி அழுதா, குடுத்தன்.’
‘ஆட்டுக்குக் கட்டிப் பாத்தம்.’
அந்த ஒரு மணி நேரம் மட்டும் கோடு கூரையை முட்டுகிறது.
ஆடு நல்ல சுகத்தோடு இருக்கிறது.

நுஸ்கியின் தாளில் செவ்வாய்க்கிழமை.
கழற்றிய நேரம் நாலு நாற்பது.
கட்டிய நேரம் ஆறு ஐந்து.
பென்சிலால், கட்டத்தை மீறி, சரிந்த எழுத்தில்:
‘எண்ணாம ஓடிப் பாத்தன்.’

மின்சாரம் ஒருக்கால் போய் வந்தது.
சோதனைக்கென்று நானும் ஒன்று கட்டியிருந்தேன்,
ஏழு நாளும், ஒழுங்காய்.
என் கோட்டை இன்னும் திறக்கவில்லை.

விதிப்படி வெட்டினேன்.
எண்பத்தைந்து நிமிடம். ஒரு விசை.
அந்த இடத்தில் மலையும் இல்லை வெளியும் இல்லை,
இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டது.

வியாழன் பின்னேரம்
மிச்சப் பட்டிகளை வாங்க ஜமாலியா போனபோது
கடை வாசலில் நின்றான், கையில் பொலித்தீன் பை.
“மிஸ், செவ்வாய்க்கிழமை
அது என்னைப் பிடிச்சதா?”
இல்லையடா.
எப்படி இருந்தது என்று கேட்டேன்.
கொஞ்சம் யோசித்தான்.
“மறந்திட்டன்” என்றான்.

பிறகு போனான்,
வெறும் இடுப்போடு,
பைக்குள் ஆறு முட்டை,
ஓடித்தான் போனான்.